வியோலெத்தா பார்ரா பொழுதுபோக்குக்காகத் தைக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மொரீஷியஸிலிருந்து, ரோஸ்ஹில் என்ற ஊரிலிருந்து எழுதுகிறேன். உங்கள் ஞாயிறு இணைப்பை இங்கே உட்கார்ந்து பல வருடமாக விடாமல் படித்து வருகிறேன். சமீபத்தில் லத்தீன் அமெரிக்கப் பாடகர்களைப் பற்றி வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது, அதில் சிலி நாட்டு வியோலெத்தா பார்ராவுக்கு அரைப் பக்கம் கொடுத்திருந்தீர்கள், ரொம்ப சந்தோஷம். ஆனால் அதில் அவர் இறந்த விதத்துக்கு இரண்டு பத்தி, காதலுக்கு ஒரு பத்தி, அப்புறம் கடைசியில் போனால் போகிறது என்று "ஓய்வு நேரங்களில் பூத்தையலிலும் ஈடுபட்டார்" என்று ஒரே ஒரு வரி. அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பாரிஸில் லூவ்ர் அரண்மனைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில் தனி ஆளாகக் கண்காட்சி வைத்த ஒருத்தியின் வேலையை ஓய்வு நேரத்தில் செய்தது என்று எழுதலாமா? ஊசியும் நூலும் கையில் இருந்தால் அது பொழுதுபோக்காகத்தான் இருக்கும் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம், அதனால்தான் இந்தக் கடிதம்.

அவருடைய கதை தையலில்தான் தொடங்குகிறது. 1917 அக்டோபர் 4ஆம் தேதி, சிலியின் நியூப்லே பகுதியில் பிறந்தவர். அப்பா பள்ளிக்கூடத்தில் இசை சொல்லிக்கொடுத்தவர், அம்மா கிளாரிசா தையல்காரி. பெரிய குடும்பம், ஏகப்பட்ட பிள்ளைகள். அப்பாவுக்கு வேலை போய், குடியில் விழுந்து, நோயாகி இறந்துபோன பிறகு வீட்டில் அடுப்பு எரிந்தது அம்மாவின் தையலால்தான். வியோலெத்தாவுக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டு முகத்தில் தழும்பு நின்றுவிட்டது. அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோருமாகத் தெருவிலும் சர்க்கஸிலும் பாடிப் பிழைத்தார்கள். அப்புறம் சந்தியாகோ நகரத்துக்கு வந்து மதுக்கடைகளில் பாட்டு. மூத்த அண்ணன் நிக்கனோர் பார்ரா பின்னாளில் ஸ்பானிய மொழியின் பெரிய கவிஞர்களில் ஒருவரானார். ஊர் ஊராகப் போய்க் கிழவர்களிடமும் கிழவிகளிடமும் பழைய பாட்டுகளைக் கேட்டு எழுதி வை என்று தங்கையைத் தூண்டியவர்களில் அவரும் ஒருவர். 1953 வாக்கில் அந்த வேலையில் இறங்கியவர் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு சிலியின் கிராமங்களைச் சுற்றிவந்தார். 1955இல் வார்சாவில் நடந்த இளைஞர் விழாவுக்குப் போய் அப்படியே பாரிஸில் தங்கியிருந்தபோது ஊரில் விட்டுவிட்டு வந்த கைக்குழந்தை இறந்துபோனது. இதையெல்லாம் உங்கள் கட்டுரையும் ஓரளவு சொல்லியிருக்கிறது, நான் நீட்டவில்லை.

கட்டுரை விட்டுவிட்டது இதற்கு அடுத்த கட்டத்தை. 1950களின் கடைசியில் அவருக்கு மஞ்சள் காமாலை கண்டு, மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. ஊர் சுற்ற முடியாது, பாடப் போக முடியாது. சும்மா படுத்துக்கிடக்கிற சுபாவமும் இல்லை. கைக்கெட்டும் இடத்தில் கொஞ்சம் கம்பளி நூலும் ஒரு துண்டுத் துணியும் இருந்தன, எடுத்துத் தைக்க ஆரம்பித்துவிட்டார். இதை அவரே 1965இல் ஜெனீவாவில் சுவிஸ் தொலைக்காட்சிக்காரர்களிடம் சொல்லியிருக்கிறார். பேட்டி பிரெஞ்சில் இருப்பதால் எங்கள் தீவில் யாரும் அதை மொழிபெயர்ப்பு இல்லாமலே கேட்டுவிடலாம், நானும் அப்படித்தான் கேட்டேன். தமக்கு வரையத் தெரியாது என்கிறார். ஒரு பூவைப் பார்த்துத் தைக்க நினைத்தாராம், தைத்து முடித்தால் அது பூவாக இல்லை, பாட்டில் மாதிரி நிற்கிறது. சரி, பாட்டிலுக்கு ஒரு மூடி போடலாம் என்று தைத்தால் மூடி ஒரு தலை மாதிரி வந்துவிட்டது. தலைதான் என்றால் தலையாகவே இருக்கட்டும் என்று கண், மூக்கு, வாய் வைத்தார். கடைசியில் துணியில் நின்றது ஒரு பெண்!

ஊசி எங்கே கொண்டுபோகிறதோ அங்கே பின்னாலேயே போயிருக்கிறார். அச்சுத்தாள் வைத்துத் தடம் எடுக்கவில்லை, பென்சில் கோடு இல்லை. அவருடைய பெரிய படங்கள் பலவும் முன்கூட்டி வரையாமல் நேராகத் துணியில் போட்டவை. துணி என்றால் பட்டோ மல்லோ இல்லை, மூட்டை கட்டுகிற சணல் சாக்குத்துணி. அதன் மேல் தடித்த கம்பளி நூல், பெரும்பாலும் சங்கிலித் தையல், நம் வீட்டுப் பெண்கள் முதல் முதலில் கற்றுக்கொள்ளும் அதே தையல். இந்தப் படங்களைக் கிட்டத்தில் எடுத்த புகைப்படங்களில் கொஞ்சம் நேரம் செலவழித்துப் பாருங்கள். தையல் வரிசைகள் ஒரே திசையில் ஓடுவதில்லை. கன்னத்தில் வட்டமாகச் சுற்றும், முடியில் கீழ்நோக்கி இறங்கும், பாவாடையில் விரியும். ஓவியர் தூரிகையை எந்தப் பக்கம் இழுத்தார் என்று எண்ணெய்ச் சாயத்தில் தெரிவதுபோல இங்கே நூல் போன தடம் தெரிகிறது. சில இடத்தில் சாக்கை மூடாமல் அப்படியே விட்டிருக்கிறார், அந்தப் பழுப்பு நிறமே மண்ணாகவும் வானமாகவும் நின்றுகொள்கிறது. நூல் தீர்ந்துபோனதால் விட்டதாக நினைக்க வேண்டாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த கை அது.

அவருடைய படங்களில் என் மனசில் நிற்பது போருக்கு எதிராகத் தைத்தது, 1960களின் தொடக்கத்தில் செய்தது. வரிசையாகச் சில மனிதர்கள், பக்கத்தில் ஒரு துப்பாக்கி. அதைப் பற்றியும் அந்தப் பேட்டியில் விளக்குகிறார். இவர்கள் சமாதானத்தை விரும்புகிறவர்கள், முதலில் நிற்பது நான், என் பெயரின் நிறமான ஊதாவில் என்னைத் தைத்திருக்கிறேன், மற்றவர்கள் என் நண்பர்கள், அப்புறம் ஒரு பழங்குடிப் பெண், ஒவ்வொருவரோடும் இருக்கும் பூ அவரவர் ஆத்மா, அந்தத் துப்பாக்கிதான் சாவு என்று சொல்கிறார். தன் நாட்டில் நடந்த அரசியல் சண்டைகள் தமக்குப் பிடிக்கவில்லை என்றும் சொல்கிறார். சர்க்கஸைத் தைத்தார், கூத்தையும் நடனத்தையும் தைத்தார், ஸ்பானியர் வந்து இறங்கியதைத் தைத்தார், 1879இல் இகீக்கே துறைமுகத்துக்கு முன்னால் நடந்த கடற்போரைத் தைத்தார், சிலுவையில் இயேசுவைத் தைத்தார். ஒரு நாட்டின் வரலாறும் அதன் நம்பிக்கைகளும் சாக்குத்துணியில் ஏறியிருக்கின்றன. நேரம் போகாமல் தைத்தவர் கடற்போரையா எடுத்துத் தைப்பார்?

இதைக் கொண்டுபோய் எங்கே காட்டினார் என்பதையும் சொல்ல வேண்டும். 1959இலும் 1960இலும் சந்தியாகோவில், மப்போச்சோ ஆற்றங்கரைப் பூங்காவில் நடந்த திறந்தவெளிக் கலைச் சந்தையில் வைத்தார். பிறகு மறுபடி ஐரோப்பா. 1964 ஏப்ரலில் பாரிஸில் லூவ்ர் அரண்மனையின் மர்சான் பகுதியில் இருக்கும் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் அவர் பெயரிலேயே தனிக் கண்காட்சி திறந்தது, மே மாதம் வரை நடந்தது. சாக்குத் தையல்களோடு அவர் வரைந்த எண்ணெய் ஓவியங்களும் கம்பியை வளைத்துச் செய்த உருவங்களும் இருந்தன. (மோனாலிசா இருக்கும் காட்சிக்கூடம் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். ஒரே அரண்மனைதான், அருங்காட்சியகம் வேறு. இதைச் சரியாகச் சொல்வதால் அவர் பெருமை ஒன்றும் குறையாது.) எந்தக் கலைப் பள்ளியிலும் படிக்காத பெண், பெரிய சிபாரிசு இல்லாத பெண், தன் வேலையைத் தானே தூக்கிக்கொண்டு போய்க் காட்டி அந்த இடத்தைப் பிடித்தார். கண்காட்சி நடந்த நாட்களில் அங்கேயே இருந்து, பார்க்க வந்தவர்களுக்குப் பாடியும் காட்டினார்.

பாட்டு வேறு, தையல் வேறு என்று அவர் பிரிக்கவே இல்லை என்பதைத்தான் உங்கள் கட்டுரையாளர் கவனிக்கவில்லை. தம் சாக்குத் தையல்களைப் பாட்டுகள் மாதிரி, வரையப்பட்ட பாட்டுகள் என்றே அவர் சொன்னார். சுவிஸ் பேட்டியில் ஒரு கேள்வி வருகிறது: நீங்கள் கவிஞர், இசைக்காரர், ஓவியர், தையலும் செய்கிறீர்கள், ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் எதை எடுப்பீர்கள்? மக்களோடு இருப்பதைத்தான் எடுத்துக்கொள்வேன் என்கிறார். நான்கையும் ஒரே காரியமாக நினைத்தவர்தான் அப்படிப் பதில் சொல்ல முடியும்.

சிலிக்குத் திரும்பி, 1965 கடைசியில் சந்தியாகோவின் ஓரத்தில் லா ரெய்னா என்ற இடத்தில் பெரிய கூடாரம் போட்டு நாட்டுப்புறக் கலைக்கென்று ஓர் இடம் நடத்தினார். கூட்டம் சரியாக வரவில்லை. வாழ்க்கைக்கு நன்றி சொல்லும் அந்த உலகப் புகழ் பாட்டு 1966இல் வந்தது, 1967 பிப்ரவரி 5ஆம் தேதி அந்தக் கூடாரத்திலேயே தம் உயிரை முடித்துக்கொண்டார். வயது 49. இதைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள், நான் எழுதவில்லை. 2015 அக்டோபரில் சந்தியாகோவில் அவருக்கென்றே அருங்காட்சியகம் திறந்தார்கள். 2020 பிப்ரவரியில், நகரத்தில் போராட்டங்கள் நடந்துகொண்டிருந்த சமயம், அந்தக் கட்டடத்தில் தீப்பிடித்தது. படங்களை அதற்கு முன்பே வேறிடத்துக்கு எடுத்துப்போயிருந்தார்கள், அந்தச் செய்தி கிடைக்கும் வரை எனக்குத் தவிப்பாகவே இருந்தது.

இனி எங்கள் ஊர் விஷயம். இந்தத் தீவில் கோணியைத் தெரியாத தமிழ்க் குடும்பம் கிடையாது. கரும்புத் தோட்டத்தில் வேலை செய்த எங்கள் பாட்டிமார் இடுப்பில் கோணிச் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் காட்டுக்குள் இறங்குவார்கள், கரும்புத் தோகை அறுக்காமல் இருக்க, மழைக்கு முதுகில் போட்டுக்கொள்ள, எல்லாவற்றுக்கும் அதுதான். சர்க்கரை மூட்டைகளைப் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் முதுகில் சுமந்து ஏற்றிய தாத்தாக்களும் உண்டு, 1980இல் சர்க்கரையை மூட்டை கட்டாமல் மொத்தமாகக் கொட்டி ஏற்றும் துறை வந்த பிறகுதான் அந்த வேலை போனது. அதே கோணித்துணியை அடியில் வைத்து, கிழிந்த சட்டை, பழைய புடவை எல்லாவற்றையும் நறுக்கி மேலே வைத்துத் தைத்து விரிப்பு செய்வார்கள். கிரியோலில் தாப்பி மாந்தியான் என்போம், பக்கத்துத் தீவான ரீயூனியனிலும் அந்தப் பெயரில் ஒட்டுத்துணி விரிப்பு உண்டு. இன்றைக்கு அதைச் சுற்றுலாப் பயணிகள் விலைகொடுத்து வாங்குகிறார்கள், அன்றைக்கு வாசலில் கால் துடைக்கப் போட்டிருந்தோம்.

1970இல் ஏற்றுமதித் தொழில் சட்டம் வந்து துணி ஆலைகள் பெருகியபோது எங்கள் பெண்கள் கரும்புக் காட்டிலிருந்தும் சமையலறையிலிருந்தும் ஆலைக்குப் போனார்கள். கம்பளி ஸ்வெட்டர் ஏற்றுமதியில் இந்தச் சின்னத் தீவு உலகில் முன்வரிசையில் இருந்த காலம் அது. என் பெரியம்மா அப்படி ஓர் ஆலையில் ரெமயாஜ் செய்தவர், அதாவது ஸ்வெட்டரின் உடலையும் கையையும் கழுத்தையும் கண்ணி கண்ணியாக ஊசிகளில் கோத்து இணைக்கும் வேலை. ஒரு கண்ணி தவறினால் துளை விழும், ஆடை தள்ளுபடி. நாள் முழுக்கக் கண்ணைக் குறுக்கிக்கொண்டு அதையே பார்த்திருப்பார். எந்த நாடு எவ்வளவு துணி ஏற்றுமதி செய்யலாம் என்று அளவு வைத்திருந்த உலக வர்த்தக ஒதுக்கீடு முறை 2005இல் முடிந்து ஆலைகள் வரிசையாகக் கதவடைத்தபோது அவருக்கும் வேலை போனது. தூக்கிப்போடுவதற்கு வைத்திருந்த மிச்சக் கம்பளி நூல்களை அவ்வப்போது ஒரு பையில் கொண்டுவந்து சேர்த்திருந்தார். அந்த நூலை வைத்து ஒரு கோணித்துணியில் தைப்பூசக் காவடி ஊர்வலம் ஒன்றைத் தைத்தார். மலைக்கோயில் படிக்கட்டு, காவடி தூக்கியவர்கள், முன்னால் பால்குடம் ஏந்திய பெண்கள், ஓரத்தில் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் கொடுக்கும் ஒரு கிழவி. அந்தக் கிழவியின் முகத்தை மட்டும் மூன்று வித மண்ணிற நூல்களால் சுருக்கம் சுருக்கமாகப் போட்டிருந்தார். கோணியூசியால்தான் தைத்தார், மெல்லிய ஊசி அந்தத் துணியில் வளைந்துபோகும்.

அந்தத் துணி எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு கலைக் கண்காட்சிக்குப் போனது. எந்த அமைப்பு நடத்தியது என்று நான் சொல்லப்போவதில்லை, அவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் நடத்தினார்கள். ஆனால் பையன்கள் வரைந்த ஓவியங்கள் சட்டம் போட்டுச் சுவரில், கீழே பெயர், வயது, ஊர். பெண்களின் தையல் வேலைகள் எல்லாம் பலகார மேசைக்குப் பக்கத்து மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக, "மகளிர் கைவேலை" என்று ஒரே ஒரு அட்டை. பெரியம்மாவின் காவடி ஊர்வலத்தை மடித்து வைத்திருந்தார்கள், விரித்துப் பார்த்தவர்களுக்கு மட்டும் தெரிந்தது. நான் கேட்டபோது, "தையல்தானே, யாருடையது என்று அவரவருக்குத் தெரியுமே" என்றார்கள். அந்தப் பதிலும் உங்கள் கட்டுரையின் அந்த ஒரு வரியும் எனக்கு ஒன்றாகவே கேட்டன. வரைந்தவனுக்குப் பெயர் உண்டு, தைத்தவளுக்கு நேரம் போகவில்லை என்று அர்த்தம்!

சிலியிலேயே பெயர் இல்லாமல் தைத்த பெண்களும் இருந்தார்கள், அவர்களையும் சொல்லியாக வேண்டும். 1973இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு கணவனையும் மகனையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், எங்கே என்று தெரியவில்லை என்று தவித்த பெண்கள் சர்ச்சின் உதவியோடு கூடி உட்கார்ந்து தைத்தார்கள். அவர்களுடையது வியோலெத்தா மாதிரி கம்பளித் தையல் அல்ல, சாக்கின் மேல் துணித்துண்டுகளை வெட்டி ஒட்டித் தைத்தது. மேலே ஆந்தீஸ் மலை, சூரியன், கீழே சின்னத் துணிப் பொம்மைகள், "எங்கே அவர்கள்?" என்று கேட்கும் பலகைகள். வெளிநாடுகளுக்குப் போய் விற்ற அந்தத் துணிகளால்தான் உள்ளே நடந்தது பல பேருக்குத் தெரியவந்தது. 1976இல் கர்தினால் ரவுல் சில்வா என்ரீக்கெஸ் அமைத்த திருச்சபை அலுவலகம் அவர்களுக்குத் துணை நின்றது. அந்தத் துணிகளில் பலவற்றில் தைத்தவர் பெயர் கிடையாது, பெயர் போட்டால் வீட்டுக்கு ஆள் வருவார்கள். அங்கே பெயரை மறைத்தது உயிரைக் காப்பாற்ற. மொரீஷியஸில் காவடி ஊர்வலம் தைத்த பெண்ணின் பெயரை எழுதினால் யாருக்கு என்ன ஆபத்து? சோம்பலைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

பெண்கள் தைத்ததெல்லாம் கலை என்று நான் வாதாட வரவில்லை. அந்த மேசையில் இருந்தவற்றில் பாதி, புத்தகத்திலிருந்து தடம் எடுத்த மயிலும் தாமரையும்தான். கை சுத்தமாக இருக்கிறது, ஆனால் தைத்தவளை அதில் காணோம். அதற்குக் காரணமும் நாம்தான். தையல் வகுப்பு என்றால் கார்பன் தாளை வைத்துப் படத்தை இறக்கு, கோட்டை விட்டு வெளியே போகாதே, பின்பக்கமும் முன்பக்கம் மாதிரி இருக்க வேண்டும் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறோம். ஓவிய வகுப்பில் பிள்ளையை உன் வீட்டை வரை, உன் ஊர்த் திருவிழாவை வரை என்று சொல்கிறவர்கள் தையல் வகுப்பில் அதையே சொல்வதில்லை. ஒரு சாக்குத்துணியும் நாலு நிற நூலும் கொடுத்து, கோடு போடாமல் உன் பாட்டியைத் தைத்துக் காட்டு என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், பூ பாட்டிலாகும், பாட்டில் பெண்ணாகும், எதுவோ ஒன்று வரும். கோணலாக வந்தால் வரட்டும்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. வியோலெத்தா பார்ராவின் தையல்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை, வண்ணப் படங்களோடு, பாட்டைப் பற்றி எழுதியதற்குச் சமமான இடத்தில். அப்புறம், உங்கள் மகளிர் பக்கத்தில் கைவேலைப் படங்கள் வாரா வாரம் வருகின்றனவே, அவற்றின் கீழே தைத்தவர் பெயரையும் ஊரையும் கேட்டு வாங்கிப் போடுங்கள், "வாசகி அனுப்பியது" என்று விட்டுவிடாதீர்கள்.

வாசகர்களிடமும் ஓர் உதவி. வருகிற சித்திரைப் புத்தாண்டுக்கு இங்கே நாங்கள் சில பேர் சேர்ந்து தையல் வேலைகளை மட்டும் சுவரில் தொங்கவிட்டு, பெயர் அட்டையோடு காட்டப்போகிறோம், கூடத்துக்கும் சம்மதம் வாங்கியாயிற்று. கோணித்துணியில் கம்பளி ஏறினால் எடை அதிகம், ஆணியில் மாட்டினால் நடுவில் தொய்கிறது, துணியும் கிழிகிறது. மேல் விளிம்பின் பின்னால் பட்டைத்துணி தைத்து அதற்குள் கட்டையை நுழைத்துத் தொங்கவிடலாமா அல்லது மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுவது நல்லதா என்று தெரியவில்லை. எங்கள் ஊர் ஈரக்காற்றில் கம்பளியைப் பூச்சியும் அரிக்கிறது, வேப்பிலையும் கற்பூரமும் வைத்துப் பார்க்கிறோம். ஜமக்காளமோ திரைச்சீலையோ கோயில் தொம்பையோ தைத்துத் தொங்கவிட்டுப் பழக்கமுள்ளவர்கள் யாராவது இருந்தால், உங்கள் பத்திரிகை மூலமாகவே ஒரு வார்த்தை எழுதினால் நன்றியோடு இருப்போம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ரோஸ்ஹில், மொரீஷியஸ்.